முகம் காட்டாத பக்கம்

ஐந்து மாதம் எங்கள் ஊர் ஹூரியாவைக் கல்நெஞ்சுக்காரி என்றது. மூச்சுத் திணறிக் கிடந்த மனிதனின் மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனவள் என்றது. சொல்லிவிட்டு அவள் கடைக்கே போய் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டது, ஏனென்றால் தபால் நிலையத்துக்கு எதிரே வேறு கடை கிடையாது. எங்கள் ஜனம் அப்படித்தான்.

நான் லக்தர். முப்பது வருடம் ஒரான் நகரத்துக்கு பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் தர்ம சங்கத்தின் வேனை ஓட்டினேன். நடந்தது என்ன என்று முழுக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார். ஒருத்தி வாயைத் திறக்க மாட்டாள். மிச்சம் நான். இதில் வரும் பேர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், என் பேர் உட்பட. ஊர்ப் பேரைச் சொல்லப்போவதே இல்லை. பேரைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று ஒரு காலத்தில் கேட்டவன் நான்.

ஹூரியாவுக்கு முப்பத்தெட்டு வயது. பத்திரிகைப் படிப்புக்கென்று தலைநகருக்குப் போனவள், இரண்டாவது வருடத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திரும்பி வந்து அவருடைய போட்டோக் கடையில் உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், கல்யாண ஆல்பம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. கடைக்கு வரும் பெண்கள் சீண்டுவார்கள்.

"ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் எடுக்கறியே, உன் படம் எப்போடி?"

"கேமராவப் பிடிக்க ஆள் கிடைக்கட்டும் லாத்தா" என்பாள், தலையைத் தூக்காமலே.

சங்கத்துக்கு அவள் வந்தது ஒரு சண்டையில். தலைவர் ஜீலாலி ஹாஜியார், பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தவர், நல்ல மனிதர், ஆனால் பேனர் பைத்தியம். ஒரு மூட்டை ரவை கொடுத்தால் பின்னால் பேனர், பக்கத்தில் கோட்டு போட்ட எட்டுப் பேர், நடுவில் தலை குனிந்த ஒரு விதவை. அதைப் பிடித்து பேஸ்புக்கில் போடுவார். கோழி ஒரு முட்டை போட்டுவிட்டு ஊரைக் கூட்டுகிற கதை. லைக் போடுவதும் அந்த எட்டுப் பேர்தான்.

ஒருமுறை அந்தப் படங்களைப் பிரிண்ட் போட அவள் கடைக்குக் கொண்டுபோனோம். திரையைப் பார்த்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். மூட்டையோடு நின்றது அவளோடு பள்ளியில் படித்தவள்.

"இவ பிள்ளைங்க நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும் ஹாஜியார்."

"போகட்டுமே. நாங்க என்ன பொய்யா போட்டோம்? கண்ணால பார்த்தாத்தாம்மா ஜனம் கொடுக்கும்."

"உங்க மகளை இப்படி நிக்க வச்சு எடுக்கட்டுமா?"

ஹாஜியாருக்குக் காது வரை சிவந்துபோனது. கோபத்தில் என்று நினைத்தேன். மறுநாள் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்துச் சாவியை, அதாவது அந்தக் கடவுச்சொல்லை, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்து அவளுக்கு அனுப்பினார்.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் முகம் கிடையாது. வாசல் கிடையாது, தெரு கிடையாது. ஒரு பதிவுக்கு ஒரே ஒரு தேவை. என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எந்த நேரத்துக்குள் வேண்டும் என்று தந்தி மாதிரி எழுதுவாள். டாக்டர் சீட்டைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு வரி போடமாட்டாள். படத்தில் ஜன்னல் விளிம்பில் ஒரு காலி மருந்துப் புட்டி இருக்கும், இல்லாவிட்டால் வாய் பிளந்த குழந்தைச் செருப்பு. அழுகிற பொம்மை, கும்பிடுகிற பொம்மை எதுவும் ஒட்டமாட்டாள். யார் கேள்வி கேட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போகும். தேவை தீர்ந்த நிமிடம் மேலே ஒரு வரி ஏறும்: "கிடைத்துவிட்டது. இனி அனுப்ப வேண்டாம்."

அந்த வரியைப் பார்த்து ஹாஜியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"வர்றதை எவளாவது வேண்டாம்பாளா?"

"இன்னைக்கு வேண்டாம்னு சொன்னாத்தான், நாளைக்கு வேணும்னா நம்புவாங்க."

நம்பினார்கள். லியோனிலும் மார்செய்யிலும் கூலி வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், முகமே தெரியாத ஆட்கள், ஒரு செருப்புப் படத்துக்குப் பத்து ஜோடி அனுப்பினார்கள். நான்கு வருடத்தில் எங்கள் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். ஹாஜியார் பேனரைச் சுருட்டிப் பரணில் போட்டார்.

அப்புறம் கொரோனாவின் இரண்டாவது கோடை வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, வராந்தாவில் ஆள். ஆக்சிஜன் உருளைக்கு ஒரானில் ஒன்றரை நாள் வரிசை. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்கள் சங்கத்திடம் ஆறு இருந்தன. ஒருவர் எழுந்தால் அடுத்தவருக்கு, ஒருவர் போய்ச் சேர்ந்தாலும் அடுத்தவருக்கு. ஆறும் வெளியே இருந்த நாளில்தான் மிலூத் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

மிலூத்தை எங்கள் ஊரில் தெரியாதவன் கிடையாது. பள்ளி உணவுக்கூடத்தில் சமையல்காரர். ரமலான் மாதம் முழுக்க, நோன்பு திறக்கிற நேரத்தில், நெடுஞ்சாலையில் குறுக்கே நின்று லாரிகளை மறிப்பார். "இறங்குடா. வீட்டுக்கு இன்னும் நூறு மைல் இருக்கு. வயிறு காத்திருக்குமா?" என்று டிரைவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சாலையோர மேஜையில் சூப்பும் ரொட்டியும் வைப்பார். என் பஸ்ஸையே எத்தனை தடவை மறித்திருக்கிறார். கொடுத்தே பழகிய கை அது.

நானும் ஹூரியாவும் போனபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். சலாம் சொல்வதற்கு முன்னால் சொன்னார்: "நான் உங்க லிஸ்ட்ல இல்லை."

அவர் மனைவி ஃபத்திஹா வாயில் துணியை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"இது தர்மம் இல்லை, இரவல். சுகமானதும் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள் ஹூரியா.

"யாருக்கும் தெரியக்கூடாது. இவ அண்ணனுங்க பிரான்சுல இருக்கானுங்க. நான் கையேந்தினேன்னு அவனுங்களுக்குப் போச்சுன்னா..." அதற்குமேல் அவருக்கு மூச்சு வரவில்லை.

"தெரியாது. என் வார்த்தை" என்றாள் ஹூரியா.

அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் சின்னக் கிளிப்பை மாட்டினாள். எண்பத்தொன்று காட்டியது. படம் எடுக்கப்போனவள் நிறுத்தினாள். "மோதிரத்தக் கழட்டிடுங்க. ஊருக்கு மோதிரம் தெரியும்." கழற்றினார். ஒரு விரல், ஒரு எண், பின்னால் வெறும் வெள்ளைத் துணி. அவ்வளவுதான் படம். "ஒரு மெஷின். இரவல் மட்டும். இன்று மாலைக்குள்." அவ்வளவுதான் எழுத்து.

இரண்டு மணி நேரத்தில் ஐயாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். ஒரானிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்: என் அப்பாவுக்கு வாங்கியது, அவர் தேறிவிட்டார், வந்து எடுத்துப்போங்கள் என்று. நான் வேனைக் கிளப்பினேன்.

இனி வருவது என் பாவம்.

ஒரானில் அந்த மனிதர் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். வேனுக்குள் நெருப்பு மாதிரி வெயில். போனைத் திறந்தேன். பொருள் கைக்கு வந்ததும் பக்கத்தில் உடனே தெரிவிக்க வேண்டும் என்று சங்க வேலைக்கு அலையும் எங்கள் நாலு பேருக்கும் ஹூரியா உரிமை கொடுத்து வைத்திருந்தாள். பதிவுக்குக் கீழே அவருக்கான பிரார்த்தனைகள், துஆக்கள், குவிந்து கிடந்தன. கான்ஸ்தந்தீனிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நாங்கள் நாற்பது பெண்கள் இன்று இவருக்காகக் குர்ஆனை ஓதி முடிக்கிறோம். இவர் பேரும் இவரைப் பெற்றவள் பேரும் சொல்லுங்கள்."

எங்களிடம் அப்படித்தான். அரசாங்கக் காகிதத்துக்குத்தான் அப்பன் பேர். நோயாளிக்காக அல்லாவிடம் கையேந்தும்போது பெற்றவள் பேரைச் சொல்லித்தான் கேட்போம். என் மனைவி சாகக் கிடந்தபோது அப்படித்தான் கேட்டேன். நாற்பது பெண்கள், முன்பின் தெரியாதவர்கள், மிலூத்துக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், பேர் தெரியாமல் காத்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பப் பேரா கேட்டார்கள், ஊரா கேட்டார்கள்? சங்கத்தின் பேரிலேயே பதில் போட்டேன்: "மிலூத், ஹலீமாவின் மகன்."

தவளை தன் வாயால் கெடும். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை.

ஹலீமா எங்கள் ஊர் மருத்துவச்சி. பாதி ஊர் அவள் கையில் விழுந்து பிறந்தது. ஹலீமாவுக்கு மிலூத் என்று ஒரே மகன். மூன்று சொல்லில் நான் தெரு, வாசல், முகம் எல்லாவற்றையும் காட்டிவிட்டேன், எனக்கு அது உறைக்கவில்லை. போனைப் பெட்டியில் போட்டுவிட்டு மெஷினை ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிவந்தேன், மனசு நிறைந்து.

அன்றைக்குப் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த நாள். கல்லூரி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க ஹூரியா கடையில் தெரு வரைக்கும் கூட்டம். அவள் போனைப் பார்த்தபோது பேரோடு முந்நூறு ஆமீன் விழுந்திருந்தது. அழித்தாள். ஆனால் அதற்குள் எத்தனையோ போன்களில் அது படமாகியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மிலூத்துக்கு இது எதுவும் தெரியாது. மெஷின் ஓடியது, எண் தொண்ணூற்றிரண்டு ஏறியது. உதட்டுக்கு நிறம் வந்தது. "வாழ்க்கையில முதல் தடவையா பஸ் டிரைவர் நேரத்துக்கு வந்திருக்கான்" என்று என்னைக் கிண்டல்கூடச் செய்தார்.

மறுநாள் காலையில் லியோனிலிருந்து மிலூத்துக்கு அவர் மச்சான் போன் செய்தான். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இன்டர்நெட்டுல பிச்சை எடுத்தியா? எங்க தங்கச்சி மானத்தை வித்துட்டியே." அப்புறம் வாசலில் ஆட்கள். பாத்திரத்தில் சூப்பு, துணியில் சுற்றிய ரொட்டி, எல்லாம் நல்ல மனசோடுதான். நல்ல மனசு எவ்வளவு கொடுமையானது என்று அந்த மூன்று நாளில் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவரே எனக்குப் போன் செய்தார். "வேனைக் கொண்டு வா. ஃபத்திஹா மருந்துக்குப் போயிருக்கா."

போனேன். குழாயைக் கழற்றி மடித்து, மெஷின்மேல் வைத்து, துணியால் மூடியிருந்தார்.

"எடுத்துட்டுப் போ."

"பைத்தியமா உனக்கு? மாட்டேன்."

"நான் மறிச்சு சோறு போட்ட லாரிக்காரன், லக்தர்... என் வாசல்ல ரவை மூட்டை வச்சுட்டுப் போறான். தலையத் தடவிட்டுப் போறான்."

நான் ஹூரியாவைக் கூப்பிட்டேன். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்தாள். தரையில் உட்கார்ந்து கெஞ்சினாள். இரண்டு தடவை குழாயை எடுத்து அவளே மாட்டினாள், இரண்டு தடவையும் அவர் கழற்றினார். டாக்டருக்குப் போன் போட்டாள். கட்டில் இல்லை, வீட்டிலேயே வையுங்கள் என்றார்கள்.

"உன் வார்த்தையக் காப்பாத்தலை நீ. இதையாவது காப்பாத்து. நானாத் திருப்பிக் குடுத்தேன்னு ஃபத்திஹாவுக்குத் தெரியக்கூடாது. சங்கத்துல எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்" என்றார் மிலூத்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்களோ என்னவோ. நான் மெஷினைத் தூக்கினேன். அன்று மாலையே அது வேறொரு வீட்டில் ஓடியது. மிலூத் இரண்டாம் நாள் விடியலில் இறந்தார்.

துக்க வீட்டில் ஃபத்திஹா மாரில் அடித்துக்கொண்டு சொன்னதை ஒருத்தி போனில் பதிவு செய்தாள். "அவர் வாயிலிருந்து பிடுங்கிட்டுப் போனாங்க. நான் வீட்ல இல்லாத நேரம் பார்த்து." அந்தக் குரல் எங்கள் எந்தப் பதிவையும்விட வேகமாகப் பரவியது. ஒரான்காரர் மெஷினைத் திருப்பிக் கேட்டார். ஹாஜியார் கூட்டம் போட்டார். அந்தப் பதிலை எழுதினது யார், மெஷினை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பக்கம் என் பொறுப்பு" என்றாள் ஹூரியா.

"அப்போ விளக்கம் எழுது. ஒரு வரி போதும்மா. நாலு வருஷ நம்பிக்கை போகுது."

"எழுத மாட்டேன்."

அடுத்த வாரம் ஒரு சிறுமிக்கு இன்சுலின் கேட்டுப் போட்ட பதிவு இரண்டு நாள் அப்படியே கிடந்தது. கீழே "கொலைகாரிகள்" என்று மட்டும் எழுதினார்கள். நாலு வருடம் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. இன்சுலினை எங்கிருந்தோ தானே அலைந்து வாங்கிக் கொடுத்தாள். பிறகு கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி ஹாஜியாரிடமே திருப்பி அனுப்பினாள். அவர் என்ன செய்வார், பரணிலிருந்து பேனரை இறக்கினார்.

நாற்பதாம் நாள் கழித்து நான் அவள் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தரிக்கோலால் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சாச்சா. பக்கத்துக்குள்ள போனா யார் எழுதினாங்கன்னு பேர் காட்டும்."

"அப்புறம் ஏன் கூட்டத்துல சொல்லலை?"

"சொன்னா அவர் எழுந்து வருவாரா?"

"நான் எழுதறேன். எல்லாத்தையும் எழுதறேன். அவரே திருப்பிக் குடுத்தாருன்னு..."

"ஃபத்திஹா படிப்பா" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அவ நாற்பது நாளா என்னைத் திட்டறா. அவரைத் திட்டலை. என் கூட வாழறதைவிட ஊர் வாய் பெருசாப் போச்சா உனக்குன்னு அவரைக் கேக்கலை. அது அப்படியே இருக்கட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபத்திஹா விதவைக்கான தனிமைக் காலமான இத்தாவை முடித்து, நாலு மாதம் பத்து நாள் கழித்து, டிசம்பர் குளிரில் வெளியே வந்தாள். விதவை ஓய்வூதியக் காகிதத்துக்கு நாலு படம் வேண்டும். கடைக்குள் வந்து சலாம் சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் மூலையில் ஹீட்டர் பக்கம் இருந்தேன்.

"தோளைக் கொஞ்சம் நேரா வைங்க" என்றாள் ஹூரியா, மெதுவாக.

"நிமிர்ற மாதிரியா என்னை விட்டு வச்சே?"

ஹூரியா படம் எடுத்தாள். பிரிண்டரிலிருந்து தாள் மெதுவாக வெளியே வந்தது. அப்புறம் ஃபத்திஹா என் பக்கம் திரும்பினாள்.

"லக்தர். அன்னைக்கு உன் வேன் என் வாசல்ல நின்னுச்சு. பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கா. யார் உன்னை அனுப்பினா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. இவதானே?"

ஹூரியா அவளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆமாம், நான்தான் என்று சொல்ல ஏற்கெனவே தயாராக நின்றாள்.

"யாரும் அனுப்பலை" என்றேன். "நானாத்தான் வந்தேன். எனக்கு வேண்டிய ஒருத்தருக்கு மூச்சு முட்டுச்சு. உன் புருஷன் தேறிட்டாருன்னு நினைச்சுத் தூக்கிட்டுப் போயிட்டேன். இவளுக்குத் தெரியாது. தெரிஞ்சப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நான் கிழவன்னு பாவம் பார்த்துப் பழியை இவ ஏத்துக்கிட்டா."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"லக்தர், உன்னை நான் அல்லாகிட்ட ஒப்படைச்சுட்டேன்" என்றாள்.

உன் கணக்கை அவனே தீர்க்கட்டும் என்று அர்த்தம்; எங்களிடம் அதை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். அடித்தவனுக்கும் ஏமாற்றினவனுக்கும்கூடச் சொல்லத் தயங்குவார்கள். நான் இறங்குகிற கபுருக் குழி வரைக்கும் அது கூட வரும்.

படங்களை உறையில் போட்டு ஹூரியா நீட்டினாள். ஃபத்திஹா உறையோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் ஹூரியா என்னைத் திட்டினாள். நாலு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "எதுக்கு சாச்சா பொய் சொன்னீங்க? அவ சாபம் தப்பான ஆள்மேல விழணுமா?"

"அவர் செத்ததுக்கு நான்தான் காரணம்னு சொன்னேன்" என்றேன். "அதுல பொய் எங்கேம்மா இருக்கு?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்புறம் அடுத்த ஆள் ஜெராக்ஸுக்கு வந்தான், எழுந்து போனாள்.